வெளிநாட்டுக்காரருக்கு விளையாட்டு, நமக்கு ஜெயிலா? நாட்டுக்கு நாடு மாறும் சூதாட்ட சட்டம்

திருவண்ணாமலை:-

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் செங்கம் சாலையோர டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும், பல நாட்டுக்காரர்களை பார்த்து விடலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டு பக்தர்கள் வருகை அதிகமாக இருக்கும். ஆட்டோ ஓட்டுபவர்கள், அறை வாடகைக்கு விடுபவர்கள், பூ, இளநீர் விற்பவர்கள் என்று பலருக்கும் அவர்களோடு பழக்கம் உண்டு.

அந்த பழக்கத்தில் ஒரு சந்தேகமும் கிளம்புகிறது. "அவங்க ஊர்ல ரோட்டு மேலயே கடை போட்டு பந்தயம் கட்டுறாங்களாம். நாம செல்போன்ல நூறு ரூபாய் வெச்சு ஆடினா மட்டும் எப்படி தப்பு?" என்பதுதான் அது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாலக்காட்டில் சரி, இங்கே தப்பு

வெளிநாடு வரை போகவே வேண்டாம். இந்தியாவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சூதாட்டம் பற்றி சட்டம் போடும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மாநிலங்களுக்கு கொடுத்துள்ளது. அதனால்தான் கோவாவில் மாண்டவி ஆற்றில் கப்பலில் சூதாட்ட விடுதி நடக்கிறது. தமிழ்நாட்டில் 1930-ம் ஆண்டு சட்டப்படி பணம் வைத்து சீட்டு ஆடும் கிளப் நடத்துவதும், அங்கு போய் ஆடுவதும் குற்றம்.

லாட்டரியும் இப்படித்தான். தமிழக அரசே 1968-ல் பரிசுச்சீட்டு நடத்தியது. கூலி காசு முழுவதும் சீட்டிலேயே போகிறது, குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன என்று புகார் எழுந்தது. 2003-ம் ஆண்டு ஜனவரியில் முதல்-அமைச்சர் ஜெயலலிதா எல்லா லாட்டரிக்கும் தடை போட்டார்.

பக்கத்து கேரளாவில் 1967 முதல் அரசு லாட்டரி உண்டு. 2023-ல் ஓணம் பம்பர் முதல் பரிசு ரூ.25 கோடி, திருப்பூர் பகுதியை சேர்ந்த 4 பேருக்கு விழுந்தது. கேரளாவுக்கு போய் வாங்கினால் அங்கு அது சட்டப்படி சரி. அதே சீட்டை இங்கு கொண்டு வந்து விற்றால் கைதுதான். துண்டு பேப்பரில் 3 நம்பர் எழுதி தரும் லாட்டரி எந்த அரசும் நடத்துவது அல்ல. பரிசு விழுந்தாலும் கேட்க நாதி கிடையாது.

செல்போன் சூதாட்டம்

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து பலர் தற்கொலை செய்து கொண்டதை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. அதன் பிறகு வந்த தடை சட்டத்துக்கு 2023-ம் ஆண்டு ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. ஆன்லைனில் சூதாடினால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று கூறி, அவற்றுக்கு போட்ட தடையை மட்டும் அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது.

2025-ம் ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இதற்கும் ஒரு படி மேலே போனது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்கிறது அது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில். விளையாடுபவருக்கு அந்த சட்டத்தில் தண்டனை இல்லை.

சிங்கப்பூரில் மனைவியே தடுக்கலாம்

இங்கிலாந்தில் 1961 முதலே தெருவில் பந்தய கடை நடத்த அனுமதி உண்டு. ஆனால் கடன் வாங்கி ஆடக்கூடாது என்று 2020-ல் கிரெடிட் கார்டுக்கு தடை போட்டு விட்டார்கள்.

சிங்கப்பூரில் 2010 முதல் 2 சூதாட்ட விடுதிகள் உள்ளன. வெளிநாட்டவருக்கு நுழைவு கட்டணம் கிடையாது. உள்நாட்டுக்காரர் என்றால் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். சூதில் மூழ்கியவரை உள்ளே விடாதீர்கள் என்று மனைவியோ, பிள்ளைகளோ மனு கொடுக்கவும் அங்கு வழி இருக்கிறது. மலேசியாவில் கெந்திங் மலையில் சூதாட்ட விடுதி உண்டு. ஆனால் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. தென்கொரியாவில் உள்நாட்டுக்காரர் போகக்கூடியது ஒரே ஒரு விடுதிதான். மற்றவை எல்லாம் வெளிநாட்டவருக்கு மட்டும்.

சவுதி அரேபியா, குவைத்தில் சூதாட்டமே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023-ல் தனி ஆணையம் அமைத்து, அனுமதி பெற்ற லாட்டரியை விட்டார்கள். அனுமதி இல்லாமல் அறையில் பணம் வைத்து சீட்டு ஆடினால் அங்கும் குற்றம்தான். வேலைக்கு போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

நிற்கும் மண்ணின் சட்டம்

ஆக, பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கு இல்லை. எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த மண்ணின் சட்டம்தான். லண்டன்காரர் ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்து ஆடினாலும் இங்குள்ள சட்டம்தான் பேசும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "உங்க பேங்க் கணக்கை மட்டும் குடுங்க, மாசம் கமிஷன் தர்றோம்" என்று சூதாட்ட கும்பல்கள் கூலி வேலை செய்பவர்களை தேடி வருகின்றன. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, போலீஸ் முதலில் அவர் வீட்டு கதவைத்தான் தட்டும். ஆன்லைன் மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.