ஜப்பானியச் சித்திரக் கதைகளிற் காதலும் கலைத்தொழிலும்

ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை ‘மங்கா’ என்பர். அவற்றுட் பல, இளம்பெண்ணொருத்தி நடிகையாகவோ பாடகியாகவோ உயர முயல்வதையும், அம்முயற்சியினிடையே காதல் தோன்றுவதையும் கூறுவன. புகழும் காதலும் ஒருங்கே எய்தத் தக்கனவோ? இவ்வினாவை மூன்று கதைகளைக் கொண்டு ஆராய்வோம்.

மியுச்சி சுஸூயே இயற்றிய ‘கண்ணாடி முகமூடி’ 1976இல் தொடங்கிற்று. அதன் தலைவி மாயா 13 வயதினள்; ஏழைத் தாயின் மகள். நடிப்பாற்றல் ஒன்றே அவள் செல்வம். பெயரறியா அன்பர் ஒருவர் ஊதா ரோஜா மலர்களை அனுப்பி அவளை ஊக்குகின்றார். அவரே தான் வெறுக்கும் கலை நிறுவனத் தலைவர் என்பதை அவள் நெடுங்காலம் அறிந்திலள். ஈண்டுக் காதல் திரைக்குப் பின்னே நிற்க, கலை முன்னே நிற்கின்றது.

நகமுரா யோஷிக்கி 2002இல் தொடங்கிய ‘ஸ்கிப் பீட்’ வேறு வழியிற் செல்கின்றது. 16 வயதுக் கியோக்கோ, பாடகனாக விழைந்த இளமைத் தோழனுடன் டோக்கியோ சென்று, படிப்பைத் துறந்து, பல வேலைகள் செய்து அவனைப் பேணுகின்றாள். அவன் தன்னைப் பணிப்பெண்ணாகவே கருதினான் என அறிந்ததும், அவனை வெல்லக் கருதி நடிப்புத் துறையிற் புக முயல்கின்றாள். ஆனால், நிறுவனத்தார் முதலில் அவளை ஏற்றிலர். என்னை? அன்பு செய்யும் உணர்வையே இழந்தவள் அவையோர் அன்பைப் பெறுதல் யாங்ஙனம்? பழிவாங்கப் புகுந்தவள் நாளடைவில் நடிப்பை அதன் பொருட்டே விரும்பக் கற்கின்றாள்.

2020 முதல் 2024 வரை வெளிவந்த ‘ஓஷி நோ கோ’, அகசாக்கா அக்கா எழுத, யோக்கோயாரி மெங்கோ வரைந்தது. அதில் வரும் இளம் பாடகி, தனக்கு மக்கள் பிறந்ததை உலகறியாமல் மறைக்கின்றாள். இறுதியில் ரசிகன் ஒருவனாற் கொல்லப்படுகின்றாள். பாட்டோடு பாடகியின் அன்பையும் விலை கொடுத்துப் பெற்றதாக ரசிகர் எண்ணுவதன் தீங்கை இங்கே காண்கின்றோம்.

இது கற்பனை மாத்திரமன்று. ‘ஐடல்’ எனப்படும் இளம் பாடகியர் காதலித்தலாகாது என ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் அந்நாட்டில் உண்டு. அதனை மீறிய 17 வயதுப் பெண்ணொருத்தி இழப்பீடு செலுத்த வேண்டுமென டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அந்நீதிமன்றமே 2016இல் மற்றொரு வழக்கில், காதலித்தல் இன்பவாழ்வை நாடும் உரிமையின்பாற்பட்டது எனக் கூறி, நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளிற்று.

உழைப்பையும் திறமையையும் விலைக்கு வாங்கலாம், உள்ளத்தை வாங்கலாகாது. ஜப்பானிய இளைஞர் கைகளில் தவழும் இக்கதைகள் அவ்வுண்மையை அறிவுரையாகக் கூறாது, ஒரு பெண்ணின் வாழ்வாகக் காட்டுகின்றன. அதனாலன்றோ அவை நெஞ்சிற் பதிகின்றன!