பாய் தளர்ந்த வேளை

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள அந்தக் கடற்படத்தில் புயல் இல்லை, பீரங்கிப் புகை இல்லை. ஓதம் வற்றிக் கிடக்கிறது. கரையை ஒட்டிச் சில படகுகள். காற்றில்லாமல் பாய்கள் தளர்ந்து தொங்குகின்றன. அவற்றின் சாயல் நீரில் இறங்கியிருக்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் ஆண்கள் சிலர் குளிக்கிறார்கள். மீதி இடமெல்லாம் வானம். 1661இல் இதைத் தீட்டிய டச்சு ஓவியர் இளைய வில்லெம் வான் டெ வெல்டெவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அழகுக்காக வரைந்த படகுகள் அல்ல இவை. டச்சுக் கரையோரக் கடலில் ஆழம் குறைவு, மணல்திட்டு அதிகம். அதனால் அங்கே படகுகளுக்குத் தட்டையான அடிப்பாகம். நீர் வற்றினாலும் சாயாமல் மணலில் உட்காரும். ஆழமான ஏரா இல்லாத குறையை விலாவின் இருபுறமும் தொங்கும் பலகைகள் தீர்த்தன. பாய் விரித்து ஓடும்போது ஒருபுறப் பலகையை நீரில் இறக்கினால், காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடாது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்களால் முழுச்சுமையோடு ஆம்ஸ்டர்டாம் வரை வர முடியவில்லை. டெக்செல் தீவருகே நங்கூரமிட்டன. நம் சோழமண்டலக் கரையில் வாங்கிய பருத்தித் துணி, கீழைத் தீவுகளின் மசாலா எல்லாம் பாதி உலகைச் சுற்றிவந்து, கடைசித் தூரத்தைச் சின்னக் கலங்களில்தான் கடந்தன.

கலங்களை இப்படிக் கூர்ந்து பார்க்கும் கண் வில்லெமுக்கு வீட்டுச் சொத்து. தந்தை பெயரும் வில்லெம்தான். வெள்ளை பூசிய பரப்பில் மைக்கோடுகளாலேயே கப்பல்களை வரைந்தவர். ஒரு கயிறு இடம் மாறாது. கடற்போர் நடக்கும் இடத்துக்கே போய் வரைவார். 1666இல் இங்கிலாந்துடன் நான்கு நாள் நடந்த போரையும் சிறு கலம் ஒன்றில் இருந்தபடி தாளில் பதித்தார்.

1672இல் பிரெஞ்சுப் படை டச்சு நாட்டுக்குள் புகுந்தது. பிழைப்பே திண்டாட்டமான காலத்தில் ஓவியம் வாங்க யார் இருந்தார்கள்? அப்பாவும் மகனும் லண்டனுக்குக் கப்பலேறினார்கள், அதுவும் இங்கிலாந்தோடு போர் ஓயாதபோதே! எதிரி நாட்டுக்காரர்கள் என்று மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒதுக்கவில்லை. 1674இல் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் நிர்ணயித்தார். அப்பாவுக்குக் கடற்போரைக் கோட்டில் எடுக்கும் வேலை. மகனுக்கு அதற்கு வண்ணம் ஏற்றும் வேலை. கிரீனிச்சில் அரசிக்காகக் கட்டிய மாளிகையில் பட்டறை.

அதன்பின் மகன் தூரிகையில் போர்க்கப்பலும் புயலும் நிறையவே வந்தன. ஆனாலும் 1661ஆம் ஆண்டுப் படத்தின் முன் நின்றால் வேறொன்று தெரிகிறது. இங்கிலாந்துடன் முதல் போர் முடிந்து ஏழாண்டு. அடுத்தது தொடங்க இன்னும் நான்காண்டு. நடுவே, ஓதம் ஏறும்வரை வேலையில்லை. குளிக்கலாம்.