கல்லூரித் திடலும் உலக அரங்கும்

விளையாட்டில் ஒருவர் பெரும்புகழ் பெற்றுவிட்டால், "அது பிறவித் திறமை" என்று சொல்லி நாம் முடித்துவிடுகிறோம். திறமை பிறவியிலேயே அமைவதாக இருக்கலாம். ஆனால், விதை எத்துணை நல்லதாயினும், அது விழுந்த நிலத்தையும் அதற்குப் பாய்ந்த நீரையும் எண்ணிப் பாராத உழவன் உண்டா? அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை சோஃபியா ஸ்மித் கல்லூரியிலிருந்து தொழில்முறை ஆட்டத்திற்கு உயர்ந்த வரலாற்றை, அந்த உழவனின் கண்கொண்டு இன்று காண்போம்.

இவர் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்தவர். கொலொராடோ மாநிலத்து வின்ட்சர் என்னும் ஊரில் வளர்ந்தவர். திருமணத்திற்குப் பின் சோஃபியா வில்சன் என்று பெயர் கொண்டார். நாம் பேசப்போகும் ஆண்டுகளில் அவர் ஸ்மித் என்றே அறியப்பட்டார்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கல்விச் சட்டம் நிறைவேறியது. "ஒன்பதாம் தலைப்பு" என்று அதனைச் சுருக்கமாக வழங்குவர். மத்திய அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலிருந்தும், ஆண், பெண் என்னும் வேற்றுமை காரணமாக ஒருவரை ஒதுக்கலாகாது என்பதே அதன் சாரம். வியப்பு யாதெனில், அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. 1975இல் வகுக்கப்பட்ட விதிகளே அதனை விளையாட்டுத் திடலுக்கும் உரியதாக்கின. சட்டம் பிறந்தபோது, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்ட மாணவியர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. பிற்காலத்தில் அத்தொகை முப்பது இலட்சத்தைக் கடந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் கால்பந்துக்கு 1982இல் முதன்முதலாகச் சாம்பியன் போட்டி நடத்தியது. அதில் வென்றது வட கரோலினாப் பல்கலைக்கழகம்.

இவ்வாறு பண்பட்ட நிலத்தில்தான், 2018இல் ஸ்மித் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு டிசம்பரில், தேசியப் போட்டியின் அரையிறுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தை ஸ்டான்ஃபோர்டு 4–1 என்று வென்றது. அந்நான்கில் மூன்று கோல்கள் ஸ்மித் அடித்தவை. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றது, முன்பு நாம் சொன்ன அதே வட கரோலினா. கூடுதல் நேரத்திலும் எவரும் கோல் அடிக்கவில்லை. பெனால்டி உதைகளில் 5–4 என்று ஸ்டான்ஃபோர்டு வென்றது. இந்தப் பெனால்டி உதைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவை வேறு முகத்தோடு இவர்முன் வந்து நின்றன.

அப்போது அவருக்கு வயது 19. பட்டப் படிப்பு பாதியும் முடியவில்லை. கல்லூரியில் தொடர்வதா, தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்வதா? இது எளிய வினா அன்று. அமெரிக்காவில் மகளிருக்கென 2001இல் தொடங்கிய தொழில்முறைக் கூட்டமைப்பு, 2003இலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டது. 2009இல் தொடங்கிய இரண்டாவதும் மூன்று பருவங்களே நடந்தது. 2013இல் தோன்றிய மூன்றாவதே நிலைத்தது. படிப்பைவிட்டுப் போகிறவர், இந்த வரலாற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் போகவேண்டியிருந்தது. ஸ்மித் போகத் துணிந்தார்.

கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது அக்காலத்து வழக்கம். அதனை டிராஃப்ட் என்பர். முந்திய ஆண்டில் பின்தங்கிய கழகத்திற்கு முதல் முறை கிடைக்கும். அணிகளின் வலிமை சமனாகவேண்டும் என்பதே நோக்கம். அம்முறையைக் கழகங்கள் தம்முள் மாற்றிக்கொள்வதும் உண்டு. அவ்வாறு முதல் முறையைப் பெற்ற போர்ட்லாந்து தார்ன்ஸ் கழகம், 2020 ஜனவரியில் ஸ்மித்தை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. இருபது வயது நிரம்பாத ஒருவர் அங்குத் தெரிவுபெற்றது அதுவே முதல் தடவை. 2024இல் இந்தத் தெரிவு முறையே நீக்கப்பட்டு, எந்தக் கழகத்தில் சேர்வதென்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யும் உரிமை வந்தது.

வழி திறந்துவிட்டதால் ஏற்றம் உடனே வந்துவிடவில்லை. தொற்றுநோயால் 2020இன் வழக்கமான பருவம் நடைபெறவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தேசிய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் 2022இல் கூட்டமைப்புப் பருவத்தில் 14 கோல்கள் அடித்து, அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். அதுவரை அவ்விருதைப் பெற்றவர்களுள் அவரே வயதில் இளையவர். இறுதி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி அணிக்கு எதிராக நான்காம் நிமிடத்திலேயே கோல் அடித்தார். போர்ட்லாந்து 2–0 என்று வென்றது.

இனி, சோதனைக்கு வருவோம். 2023 ஆகஸ்டு 6ஆம் நாள், உலகக் கோப்பைப் போட்டியில் மெல்போர்ன் நகரில் அமெரிக்காவும் சுவீடனும் மோதின. கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. மீண்டும் பெனால்டி உதைகள்! நான்கு சுற்றுகள் முடிந்தபோது அமெரிக்கா 3–2 என்று முந்தியிருந்தது. ஐந்தாவது உதை ஸ்மித்தினுடையது. அது கோலாகியிருந்தால் வெற்றி அப்போதே கைக்கு வந்திருக்கும். பந்து கோலுக்கு வெளியே சென்றது. முடிவில் சுவீடன் 5–4 என்று வென்றது. வயது 22, உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, தோல்வியின் கணக்கில் தம் பெயர். இளைஞர் ஒருவருக்கு இதனினும் கடிய தேர்வு வேறென்ன இருக்கமுடியும்?

அவர் செய்தது, தம் கழகத்திற்குத் திரும்பி ஆடியதுதான். அவ்வாண்டுப் பருவத்தில் 11 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்டு 6ஆம் நாள், ஒலிம்பிக் அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் 95ஆம் நிமிடத்தில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். நான்கு நாள்களுக்குப் பின், அவர் பிறந்தநாளன்று, பாரிஸில் பிரேசிலுடன் இறுதி ஆட்டம். ஒரு கட்டத்தில் முன்னே அனுப்பப்பட்ட பந்துக்கு அருகில் இருந்தவர் ஸ்மித்தே. ஆயினும் அவர் ஆஃப்சைடு நிலையில் இருந்தார், தொட்டால் குற்றம். பந்தைத் தொடாமல் விட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த மல்லரி ஸ்வான்சன் அதனை எடுத்துச் சென்று கோல் அடித்தார். தங்கப் பதக்கம் அமெரிக்காவிற்குக் கிடைத்தது. முன்னணியில் ஆடுபவர்க்கு அடிக்கத் தெரியவேண்டும், விடவும் தெரியவேண்டும்.

மாணவர்களே, படிப்பை நடுவில் விடுங்கள் என்பது இவ்வரலாறு தரும் பாடம் அன்று. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்த நான் அப்படிச் சொல்லமாட்டேன். என்னைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் இருந்தது ஒரே திடல். மாலைதோறும் அது மாணவர்க்கே உரியது. மாணவியர்க்கு மரத்தடியில் வளையப்பந்து. எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. கால அட்டவணையை எழுதியவன் நானே. எந்த மாணவியும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று நானும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அந்த மரத்தடியில் எத்தனை விதைகள் கிடந்தனவோ, நான் அறியேன். நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள். அட்டவணையை எழுதும் முன் திடலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கே யார் இல்லை என்பதையும் பாருங்கள்.