மலைப் பூங்காவில் ஒரு நாள் நடை... உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பாதை எது?

‘ஒன்பது கிலோமீட்டர்தானே... தினமும் வாக்கிங் போகிற நமக்கு இதெல்லாம் ஒரு தூரமா?’

மலை மேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்புவதும் இங்கேதான்! கடற்கரையில் நடக்கிற ஒன்பது கிலோமீட்டரும் மலையில் நடக்கிற ஒன்பது கிலோமீட்டரும் ஒன்றல்ல.

இலங்கையில் நுவரெலியாவுக்குத் தெற்கே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1988-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். உயரம் சுமார் 2,100 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டி மாதிரி.

ஒரே பூங்கா, மூன்று பாதை

முதலாவது, ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தாக்கையும் பேக்கர்ஸ் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வட்டப் பாதை. சுமார் 9 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் மிதமாகவே இருக்கும்.

இரண்டாவது, தொட்டுபொல மலை (2,357 மீட்டர்). தூரம் குறைவு, ஆனால் ஏற்றம்.

மூன்றாவது, இலங்கையின் இரண்டாவது உயரமான சிகரமான கிரிகல்பொத்த. போய்த் திரும்பக் கிட்டத்தட்ட ஒரு பகல் பொழுதே ஆகிவிடும். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்!

நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு சுலபமான வழி சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

9 கிலோமீட்டர் பாதையில் மொத்த ஏற்றம் 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 2 மணி 10 நிமிடம். இது நல்ல நடைக்காரர்களுக்கு. குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால் ஒன்றரை மடங்காக்குங்கள். மூன்றேகால் மணி ஆகிவிடுகிறதா? உட்காருவதற்கும் சாப்பிடுவதற்கும் தனியாக நேரம் வையுங்கள்.

யாரை வைத்து முடிவு செய்வது?

வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை வைத்துத்தான்! பாட்டிக்கு முட்டிவலி என்றால் ஏற்றத்தைவிட இறக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இறங்கும்போது முழங்காலுக்குப் பளு கூடுகிறது. அருவியின் அருகே செங்குத்தாக இறங்க வேண்டியிருக்கும் என்பதால், அவருக்கு ஒரு ஊன்றுகோல் அவசியம்.

இந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. நடந்துகொண்டே சாதாரணமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால், ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று இழுக்காமல் உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் உஷார்!

காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பெரும்பாலும் மூடுபனி வந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடும். அதனால் எல்லோரும் விடியற்காலையிலேயே அரக்கப் பரக்கக் கிளம்புகிறார்கள். இன்சுலினையோ மாத்திரையையோ போட்டுக்கொண்டு, ‘வந்து சாப்பிட்டுக்கலாம்’ என்று வெறும் வயிற்றோடு நடப்பது ஆபத்து! சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். முதலில் டிபன், பிறகு நடை. சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். பூங்காவுக்குள் பாலிதீன் பை கூடாது. சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போங்கள். விடியற்காலையில் குளிர் கடுமையாக இருக்கும். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் மறக்க வேண்டாம்.

எங்கே திரும்புவது?

கிளம்பும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். வட்டப் பாதையில் பாதியைத் தாண்டிவிட்டால், திரும்பினாலும் தூரம் குறையாது. முதலில் வருவது ‘சின்ன உலக முடிவு’. அங்கே யாராவது களைத்துத் தெரிந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அதுதான் குறைந்த தூரம். பாறை விளிம்பில் குழந்தைகளின் கையை ஒரு நொடிகூட விடாதீர்கள்.

எந்த மலைக்குப் போனாலும் தூரம், ஏற்றம், நேரம், கூட வருபவர்களின் உடல்நிலை... இந்த நான்கையும் பார்த்த பிறகே பாதையைத் தேர்ந்தெடுங்கள். பாதி வழியில் திரும்புவது ஒன்றும் அவமானமில்லை. மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு லீவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்!