பழங்காசின் நிறையும் இக்காலத் திணிவலகும்

பண்டைக் காசொன்றின் நிறையை நூலிற் காணும் மாணவர், அது இக்கால அலகில் எவ்வளவு என வினவுவர். ஓரெண்ணை மற்றோரெண்ணாற் பெருக்கின் விடை வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். பெருக்கல் எளிதே, வந்த விடையில் எவ்வளவை நம்பலாம் என்பதே ஆராயத்தக்கது.

வட இந்தியாவில் வழங்கி, ஈழத்தில் கந்தரோடை முதலிய இடங்களிலும் கிடைத்துள்ள வெள்ளி முத்திரைக் காசுகளை எடுத்துக்கொள்வோம். மனுநூல் வெள்ளித் தரணம் ஒன்றுக்கு 32 குன்றிமணி நிறை விதிக்கின்றது. இக்காசுகள் அவ்வளவையொட்டி அடிக்கப்பட்டன என்பது அறிஞர் பலரின் துணிபு.

முதற்கண், இங்கே கூறப்படுவது பௌதிகம் கூறும் நிறையா, திணிவா? பொருளைப் புவி இழுக்கும் விசை நிறை. பொருளில் அடங்கிய சடத்தின் அளவு திணிவு. விற்றராசு விசையையே அளக்கும். ஆதலின் முனைவுப் பகுதியிற் காட்டியதிலும் மத்திய கோட்டில் நூற்றுக்கு அரைப்பங்களவு குறைத்துக் காட்டும். இருதட்டுத் தராசிலோ காசும் குன்றிமணியும் ஒரே ஈர்ப்புக்கு உட்படுதலின் அவ்வேறுபாடு நீங்கும். எனவே, பண்டைக் கம்மியன் நிறையென வழங்கியது உண்மையில் திணிவே. அதனைக் கிராமிற் கூறுதல் முற்றும் பொருந்தும்.

இனி, கணக்கைக் காண்போம். 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளருள் தோமஸ் என்பார் ஒரு குன்றிமணியை 1.75 கிறெயின் எனவும், கன்னிங்காம் 1.83 கிறெயின் எனவும் கொண்டனர். 1959இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் சில செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு கிறெயின் 0.06479891 கிராம் ஆகும். ஆகவே 32 குன்றிமணி, முதல் அளவில் 3.63 கிராம், இரண்டாம் அளவில் 3.79 கிராம். வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரைக் குன்றிமணி! அடி-இறாத்தல் முறைப் பொறியியலாளர் கைக்கொண்ட ‘சிலக்’ என்னும் திணிவலகு 14.59 கிலோகிராம் ஆதலின், இத்தகைய காசுகள் ஏறத்தாழ 4,000 சேர்ந்தே ஒரு சிலக் ஆகும்.

கிறெயினை எட்டுத் தசம தானம்வரை அறிந்தும் காசின் திணிவில் முதற்றசம தானமே ஐயத்துக்கிடமாவது ஏன்? ஐயம் கிறெயினில் இல்லை, வித்திலேயே உள்ளது. ஒரு கொடியின் வித்துக்களும் தம்முள் ஒத்த நிறையுடையன அல்ல. காசுகளோ கைமாறித் தேய்ந்தன, மண்ணில் அரிப்புண்டன, துப்புரவு செய்கையிலும் சிறிது இழந்தன.

இதனை மறந்து, 3.7946 கிராம் என அட்டவணையில் எழுதி வைப்போமாயின், 3.3 கிராம் நிற்கும் நற்காசொன்றைப் போலியென ஒதுக்கவும், மன்னன் வெள்ளியைக் குறைத்தான் எனப் பழி கூறவும் நேரும். பிழைபட்ட வரலாறு ஒன்று தசமப் புள்ளியின் பின்னே பிறந்துவிடும்.

ஆதலின், மூல அளவை முதலில் எழுதுக, கொண்ட மாற்றெண்ணை அதனருகே குறிக்குக, விடையை 3.6 முதல் 3.8 கிராம் வரை என எல்லையிட்டுக் கூறுக. 2019 முதல் கிலோகிராம் பிளாங்கின் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. ஆயினும், குன்றிமணி தராத நுட்பத்தைப் பெருக்கல் தரமாட்டாது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.