உங்களுக்குத் தெரியுமா? பூமி பிளந்துகொண்டே இருக்கிறது!

ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது! வடக்கே எத்தியோப்பியாவின் அஃபார் பகுதி, தெற்கே மொசாம்பிக். நடுவில் ஓடும் பிளவின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல்!

வேகம்? வருடத்துக்கு 6, 7 மில்லிமீட்டர்தான். உங்கள் விரல் நகம் இதைவிட வேகமாக வளர்கிறது!

மெதுவாகத்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 2005 செப்டம்பரில் அஃபார் பாலைவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். தப்பாஹு எரிமலைப் பக்கம் தரை நடுங்க ஆரம்பித்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள்! 26-ம் தேதி தரை கிழிந்து சாம்பல் பீறிட்டது. கிழிந்த வாயின் நீளம் சுமார் 500 மீட்டர், ஆழம் 60 மீட்டர்!

அது வெறும் வாய்தான். முழு உடம்பைக் காட்டியது செயற்கைக்கோள். 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் விலகியிருந்தது. சில இடங்களில் விலகல் 8 மீட்டர். பல நூற்றாண்டுகளில் நடக்க வேண்டியது சில வாரங்களில் முடிந்துவிட்டது!

விலக்கியது யார்? அடியிலிருந்து ஏறிய பாறைக்குழம்பு. அளவு சுமார் 2.5 கன கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய அத்தனையும் வெளியே வராமல் தரைக்குள்ளேயே தங்கிவிட்டது! அதோடு விட்டதா? 2010-க்குள் அதே இடத்தில் இப்படி மொத்தம் 14 முறை!

பிளவுப் பள்ளத்தாக்கை எந்த ஆறும் வெட்டவில்லை. அடியில் சூடு ஏறுகிறது, மேலோடு இழுபட்டு மெலிகிறது, இரண்டு பக்கமும் பாறை உடைகிறது. நடுத்துண்டு அப்படியே கீழே இறங்கிவிடுகிறது! அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் இந்தக் கணக்கில் வராது. அது கொலராடோ ஆறு அறுத்த பள்ளம்!

எவ்வளவு கீழே இறங்கும்? ஜிபூட்டியின் அசால் ஏரிக் கரையில் நின்றால் கடல் மட்டம் உங்கள் தலைக்கு மேல் 150 மீட்டர் உயரத்தில் இருக்கும்!

இது என்ன பிரமாதம், டாங்கனிக்கா ஏரியைப் பாருங்கள்! ஆழம் 1,470 மீட்டர். ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 770 மீட்டர். ஏரியின் அடியோ கடல் மட்டத்துக்குக் கீழே 700 மீட்டர்!

அதையும் மிஞ்சியது சைபீரியாவின் பைகால் ஏரி. இதுவும் பிளவில் பிறந்ததுதான். ஆழம் 1,642 மீட்டர், உலகிலேயே முதலிடம். அத்துடன் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதன் அடியில் சேர்ந்திருக்கும் வண்டல் மட்டுமே சில இடங்களில் 7 கிலோமீட்டர் தடிமன்!

ஆப்பிரிக்கப் பிளவுக்குள் ஒரு விசித்திர எரிமலை! தான்சானியாவின் ஓல் தோய்ன்யோ லெங்காய். மற்ற பல எரிமலைகளின் குழம்பு 1,000 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். இதன் குழம்பு 500, 600 டிகிரிதான். கறுப்பாக ஓடிவரும். காற்றின் ஈரம் பட்டதும் வெள்ளையாகிவிடும்!

32 லட்சம் வருடத்துக்கு முன் வாழ்ந்த மனித முன்னோடி ‘லூசி’யின் எலும்புக்கூடு கிடைத்ததும் இதே அஃபாரில்தான். ஆண்டு 1974!

தரையில் இருப்பதெல்லாம் கொசுறு. பெரிய பிளவுகள் கடலுக்கு அடியில்! கடலடி மலைத்தொடரின் மொத்த நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். அட்லாண்டிக்கில் அந்தத் தொடரின் நடுமுதுகில் பள்ளத்தாக்கு ஓடுவதை 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் மேரி தார்ப். பெண் என்பதால் அன்று அவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. கப்பல்கள் கொண்டுவந்த ஆழக் கணக்கை வைத்து, மேசையில் உட்கார்ந்து வரைந்தே பிடித்துவிட்டார்! கூட வேலை பார்த்தவர்கூட முதலில் நம்பவில்லை. நிலநடுக்கப் புள்ளிகளை அந்தப் படத்தோடு ஒப்பிட்டார்கள். அத்தனையும் பள்ளத்தாக்கின் மேலேயே வரிசையாக விழுந்தன! இந்தப் பெண்மணியின் பெயரை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

அந்தக் கடலடிப் பிளவு தரையேறும் இடம் ஐஸ்லாந்து. வருடத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகிறது. கி.பி. 930-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் நாடாளுமன்றம் கூட்டியது எங்கே தெரியுமா? திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கில்!

அதே ஐஸ்லாந்தில் 1783-ல் லாக்கி பிளவு திறந்தது. 27 கிலோமீட்டர் நீளம், எட்டு மாதம் நெருப்பு. நச்சுப் புகையில் புல் கருகியது, ஆடுமாடு செத்தது, பஞ்சம் வந்தது. நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்!

2018-ல் கென்யாவில் நெடுஞ்சாலையையே இரண்டாக வெட்டிய பிளவு வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். “ஆப்பிரிக்கா பிளந்தது” என்று உலகமே அலறியது. மண்ணியல் நிபுணர்கள் பலர் சொன்னது வேறு. கனமழை அடியிலிருந்த எரிமலைச் சாம்பலை அரித்துச் சென்றதால் விழுந்த பள்ளமாம்! அடுத்த முறை வந்தால் ஃபார்வர்டு செய்வதற்கு முன் யோசியுங்கள்.

பாதியில் நின்றுபோன பிளவும் உண்டு! வட அமெரிக்காவின் நடுவில் சுமார் 110 கோடி வருடத்துக்கு முன் ஒன்று திறந்தது. நீளம் 2,000 கிலோமீட்டர். கண்டத்தைப் பிளக்காமலே ஓய்ந்துவிட்டது!

ஓய்ந்த பிளவு சும்மா இருக்கும் என்று நம்பவேண்டாம். மிசிசிப்பி ஆற்றுக்கு அடியில் இன்னொரு பழைய பிளவு தூங்குகிறது. 1811, 1812-ல் அது குலுங்கியபோது மிசிசிப்பி கொஞ்ச நேரம் திரும்பி ஓடியது!

கடைசியாக நம் வீட்டு வாசலுக்கு வருவோம். காவிரி டெல்டாவின் பச்சை வயலுக்கு அடியிலும் பிளவுகள் உண்டு! கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்தபோது, 10 கோடி வருடத்துக்கும் முன்பு திறந்தவை. பிறகு வண்டல் வந்து மூடிவிட்டது. சில இடங்களில் அந்த வண்டலின் தடிமன் 5 கிலோமீட்டர். நரிமணத்தில் எடுக்கும் பெட்ரோலியம் இந்தப் பள்ளங்களின் சொத்துதான்!