கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்க: புது வீட்டின் ‘ஸ்பெசிஃபிகேஷன்’ சொல்வதும் சொல்லாததும்

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருக்கீங்கன்னு வைத்துக்கொள்வோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்து, அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கைக்குப் படி இறங்கி ஏறிய களைப்போடு செம்மேட்டில் டீ குடிக்கும்போது ஒரு நோட்டீஸ் கைக்கு வருகிறது. “மலைமேல் உங்கள் சொந்த வில்லா!” பளபளப்பான தாளில் பால்கனி, பனி, மிளகுக் கொடி படங்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு பட்டியல். அதற்குப் பெயர் ‘ஸ்பெசிஃபிகேஷன்’, அதாவது கட்டுமான விவரக்குறிப்பு.

பெரும்பாலானவர்கள் படங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் பி.எஃப். பணத்தையும் நகையையும் வங்கிக் கடனையும் சேர்த்து நீங்க வாங்கப்போவது அந்தப் பொடி எழுத்தைத்தான். அதை எப்படிப் படிப்பது?

ஏன் இவ்வளவு கவனம்?

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு மழையின்போது இடிந்து விழுந்து 61 பேர் உயிரிழந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரு கட்டடத்தின் உயிர் டைல்ஸிலும் பெயிண்டிலும் இல்லை. மண்ணுக்கு அடியில் இருக்கும் அஸ்திவாரத்திலும், பூச்சுக்குள் மறைந்திருக்கும் கம்பியிலும் கான்கிரீட்டிலும் இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அது கண்ணில் படாது. அதனால்தான் காகிதத்தில் தேட வேண்டியிருக்கிறது.

மலையில் முதல் கேள்வி மண்ணைப் பற்றியது

சமவெளியில் வீடு வாங்குபவர் சிமெண்டில் தொடங்கலாம். மலையில் வாங்குபவர் சரிவில் தொடங்க வேண்டும். மலைச்சரிவில் மனை சமமாகக் கிடைக்காது. மேல்பக்கம் மண்ணை வெட்டி, கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்துவார்கள். வெட்டிய பக்கம் கெட்டி மண். கொட்டிய பக்கம் புது மண். வீட்டின் பாதி அங்கேயும் பாதி இங்கேயும் உட்கார்ந்தால், கொட்டிய பக்கம் மெல்ல இறங்கி, சுவர் குறுக்காக விரிசல் விடும். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு சரிந்து ஒரு வீட்டை மூடி ஏழு பேரைப் பலிகொண்டது. சரிவில் கட்டிய வீட்டுக்கு மழை எவ்வளவு பெரிய சோதனை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

பில்டரிடம் இந்த நான்கையும் கேளுங்க:

• மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? அஸ்திவார ஆழம் அந்த அறிக்கையைப் பார்த்து முடிவானதா?
• என் வீடு வெட்டிய மண்மேல் நிற்கிறதா, கொட்டிய மண்மேலா?
• தடுப்புச் சுவர் இருக்கிறதா? அதில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா? துளை இல்லாத தடுப்புச் சுவரின் பின்னால் மழைநீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும்.
• மேலிருந்து வரும் மழைநீர் எந்த வழியாகப் போகும்? செப்டிக் டேங்க் எங்கே? அது கிணற்றுக்கும் ஊற்றுக்கும் மேட்டில் இருக்கக் கூடாது.

“சார், இங்க எல்லாமே பாறைதான், டெஸ்ட் எல்லாம் தேவையில்ல” என்று பதில் வந்தால் அவசரப்படாதீங்க. பாறை என்பதையும் அறிக்கையே சொல்லட்டும்.

வரி வரியாகப் படிப்போம்

ஒரு நல்ல விவரக்குறிப்பில் மூன்று விஷயம் இருக்கும்: பொருளின் தரநிலை எண், அளவு, பிராண்ட். “உயர்தரம்”, “முன்னணி நிறுவனம்”, “ஏ-ஒன் குவாலிட்டி” என்ற சொற்களை நாளைக்கு யாராலும் அளந்து பார்க்க முடியாது. அளக்க முடியாததை வைத்து வழக்கும் போட முடியாது.

கம்பி: “தரமான டிஎம்டி கம்பி” என்பது போதாது. “ஐஎஸ் 1786, எஃப்இ 500டி” என்று இருக்க வேண்டும். ‘டி’ என்றால் உடையாமல் வளைந்து கொடுக்கும் தன்மை அதிகம். 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 888 கிராம் எடை இருக்கும். இதில் 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். அதற்கும் கீழே போனால் கம்பி மெலிந்தது என்று அர்த்தம்.

கான்கிரீட்: இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-ன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 தரம் வேண்டும். மலையில் பெரும்பாலும் சைட்டிலேயே கலக்கும் நிலை வரும். அங்கே தரத்தைக் கெடுப்பது தண்ணீர். ஜல்லி, மணல், சிமெண்டை நேரடி விகிதத்தில் கலக்கும் எம்20 கலவைக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. “கலவை ஈசியா ஓடணும்”னு டியூப்பைப் பிடித்து ஊற்றினால் வலு போய்விடும். 28 நாள் கியூப் டெஸ்ட் முடிவுகளைக் கேட்டு வாங்குங்க.

சிமெண்ட்: ஓபிசியா பிபிசியா, எந்தத் தரநிலை என்று எழுதியிருக்க வேண்டும். மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மலையின் ஈரக்காற்றில் சிமெண்ட் சீக்கிரம் கட்டிதட்டும். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வைத்ததைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. பிபிசி என்றால் குறைந்தது 10 நாளாவது தண்ணீர் விட்டுக் க்யூரிங் செய்ய வேண்டும். பனி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

கவர்: கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இது. தூணுக்கு 40 மி.மீ., மேல்தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ. இது குறைந்தால் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, சில வருடத்தில் சீலிங் பெயர்ந்து விழும்.

செங்கல்: சைட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து, காயவைத்து எடை போடுங்க. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்க. எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தக் கல் வேண்டாம். மழை அதிகமுள்ள இடத்தில் அது சுவரையே ஈரமாக்கிவிடும்.

மின்சாரம், குழாய்: கொல்லிமலைக் குளிருக்கு கீசர் நிச்சயம். அதற்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், சரியான எர்த்திங், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்க. வெந்நீர்க் குழாய் சிபிவிசி ஆக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி சூடு தாங்காது.

“அல்லது அதற்கு இணையானது”

பட்டியலில் மிகவும் ஆபத்தான வார்த்தைகள் இவைதான். நல்ல பிராண்ட் பெயரைப் போட்டுவிட்டு, பின்னால் இதைச் சேர்த்தால், ‘இணை’ எது என்று முடிவு செய்பவர் பில்டர் ஆகிவிடுவார். “அதே தரநிலை, அதே விலைக்குக் குறையாதது, வாங்குபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு” என்று மாற்றச் சொல்லுங்க. நியாயமான பில்டர் மறுக்க மாட்டார்.

பரப்பளவையும் பாருங்க. ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்கில் விலை சொல்வார்கள். நீங்க கேட்க வேண்டியது கார்பெட் ஏரியா. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்கள் சேர்த்து நீங்க உண்மையில் புழங்கும் இடம் அது.

சட்டம் உங்கள் பக்கம்

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-ஐத்தான் ‘ரெரா’ என்கிறோம். அது உங்களுக்குத் தரும் உரிமைகள்:

• புக்கிங் நேரத்திலேயே அனுமதி பெற்ற வரைபடத்தையும் விவரக்குறிப்பையும் பார்க்கும் உரிமை.
• விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.
• உங்கள் சம்மதமில்லாமல் விவரக்குறிப்பை மாற்றக் கூடாது.
• சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு.

ஒரு விஷயம் கவனம். நிலம் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மிகாமல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமல் இருந்தாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. மலையில் நாலைந்து வில்லா கட்டும் சின்னத் திட்டங்கள் இந்த விலக்கில் வரலாம். அப்போது உங்களுக்குப் பாதுகாப்பு ஒப்பந்தமும் அதில் இணைத்த விவரக்குறிப்பும்தான். அந்தத் தாளில் பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்க கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

போனில் அரை மணி நேரம்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைச் செய்துடுங்க:

1. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைத் தேடுங்க. அங்கே பதிவேற்றிய ஆவணங்களையும் நோட்டீஸையும் ஒப்பிடுங்க.
2. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் பாருங்க. பார்வையிடக் கட்டணமில்லை.
3. ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் பட்டா விவரம் பாருங்க. நிபந்தனைப் பட்டாவா, விற்க முடியுமா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுடுங்க. அந்தக் கிராமம் ‘ஹாக்கா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகிறதா, அதன் அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்க.
4. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில், சைட்டில் இருக்கும் சிமெண்ட், கம்பி, ஒயர் மீதுள்ள ஐஎஸ்ஐ உரிம எண்ணைப் போட்டுப் பாருங்க. அசலா, போலியா என்று தெரிந்துவிடும்.
5. அஸ்திவாரம், தூண், தளம் போடும்போதெல்லாம் தேதியோடு போட்டோ எடுத்து வைங்க. பூச்சு பூசிய பிறகு கம்பியைப் பார்க்க முடியாது.

இவ்வளவையும் தனியாகச் செய்யத் தயக்கமா? தெரிந்த ஒரு சிவில் இன்ஜினியரையோ, ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரரையோ ஒருநாள் கூட்டிப் போங்க. அவருக்குத் தரும் தொகை, பின்னால் ஒழுகும் ஒரு கூரையைச் சரிசெய்யும் செலவைவிடக் குறைவு.

வீடு வாங்குவதில் அவசரம் எப்போதும் விற்பவருக்குத்தான். “இன்னிக்கு அட்வான்ஸ் போட்டா மட்டும்தான் இந்த ரேட்” என்று சொன்னால், நோட்டீஸைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டி, “இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வர்றேன்”னு சொல்லுங்க. அதற்கு அவர் தரும் பதிலே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.